போர்ப் படங்களும் துப்பாக்கி கேம்களும்: எது நிஜம், எது சினிமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குறும்படம் எடுக்கிற தம்பிகள், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்குவாடு சேர்ந்து கேம் ஆடுகிற பசங்க, அந்தப் பசங்களைப் பெற்றவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் கேள்விகள் வருகின்றன. அவற்றை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. கல்லூரியில் என்.சி.சி., அப்புறம் பிழைப்பு ஒலிப்பதிவுக் கூடத்தில். எங்கள் பெரியப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு உட்கார்ந்து போர்ப் படம் பார்ப்பதே ஒரு தனிப் படிப்பு.

ஏனுங்க, படத்தில் கேட்கிற துப்பாக்கிச் சத்தம் நிஜச் சத்தம்தானா?

பெரும்பாலும் இல்லைங்க. ரைஃபிள் சத்தம் சுடுகிறவன் காதருகே 150 டெசிபலைத் தாண்டும். அதை அப்படியே தியேட்டரில் போட்டால் சனம் எழுந்து ஓடிவிடும். மைக்கில் அப்படியே பிடித்தாலும் சரியாக வராது. அந்த அழுத்தத்தைத் தாங்காமல் சத்தம் நசுங்கி, சும்மா ‘பட்’ என்று சப்பையாக விழும். அதனால்தான் எங்கள் தொழிலில் நாலைந்து சத்தங்களை அடுக்குவோம்: ஒரு அடி, ஒரு கீறல், கீழே கொஞ்சம் பேஸ், கடைசியில் எதிரொலி. நீங்கள் படத்தில் கேட்பது அந்தக் கலவை.

இதைவிடப் பெரிய பொய், சத்தம் வந்து சேரும் நேரம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ரைஃபிள் தோட்டா குழலை விட்டுக் கிளம்பும்போது 700 முதல் 900 மீட்டர் வேகத்தில் இருக்கும். 600 மீட்டர் தள்ளி ஒருவன் உங்களைப் பார்த்துச் சுட்டால், முதலில் தோட்டா வருகிறது. அது காதைக் கடக்கும்போது சாட்டை சொடுக்கியதுபோல ‘சடீர்’ என்று ஒரு சத்தம். துப்பாக்கியின் ‘டொம்’ அதற்கப்புறம்தான் வரும். இந்த இரண்டு சத்தத்துக்கும் இடையே உள்ள நேரத்தை வைத்துச் சுட்டவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கணிக்கச் சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். படத்திலோ குழலில் தீப்பொறி, சத்தம், நெஞ்சில் ரத்தம் மூன்றும் ஒரே ஃபிரேமில் நடக்கும். இந்த விஷயத்தில் சில கேம்கள் சினிமாவைவிட எவ்வளவோ தேவலை. தூரத்துச் சத்தத்தைத் தாமதமாகக் கொடுக்கின்றன.

இன்னொன்று. மூடிய அறைக்குள் பத்து ரவுண்டு சுட்டுவிட்டு, அடுத்த நொடியே ஹீரோ கிசுகிசுப்பாக வசனம் பேசுவார். எதிரில் இருப்பவருக்கும் அது தெளிவாகக் கேட்கும்! நிஜத்தில் இரண்டு பேருக்கும் காதில் ‘ஙொய்’ என்ற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது.

சைலன்சர் போட்டால் சத்தமே வராதா?

வரும். 20 முதல் 35 டெசிபல் வரை குறையும், அவ்வளவுதான். ஒலியை மிஞ்சிய வேகத்தில் போகிற தோட்டாவாக இருந்தால், மேலே சொன்ன அந்தச் சடீர் சத்தத்தை சைலன்சரால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த அறையில் தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே இருப்பதெல்லாம் திரைக்கதையின் வசதி.

குண்டு வெடித்தால் ஏன் படத்தில் அவ்வளவு நெருப்பு?

நம்ம பக்கத்து ஆளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கிணற்றுக்கு வெடி வைத்ததைப் பார்த்தவர்கள் கொங்கு நாட்டில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாறையில் குழி போட்டு, வெடிமருந்துத் தோட்டா இறக்கி, ஆளையும் ஆட்டையும் தூர விரட்டிவிட்டு வைப்பார்கள். என்ன தெரியும்? தரை ஒரு குலுக்கு குலுக்கும், சாம்பல் நிறத்தில் புழுதியும் கல்லும் மேலே எழும், பிறகு கல் மழை. ஆரஞ்சு நிற நெருப்புப் பந்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? கரூர், காங்கேயம் பக்கம் கல்குவாரியைத் தூரத்திலிருந்து கவனித்தவருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். புழுதி முதலில் எழும், சத்தம் பிறகு வரும். ஒரு கிலோமீட்டருக்கு மூன்று வினாடி.

ராணுவ வெடிமருந்தும் இதே ஜாதிதான். டி.என்.டி. போன்றவற்றில் வெடிப்பு வினாடிக்கு 6,900 மீட்டர் அளவு வேகத்தில் ஓடிவிடும். கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு பளிச், அப்புறம் கரும்புகை, மண். ஆளைக் கொல்வது நெருப்பு அல்ல. சிதறிப் பறக்கும் இரும்புத் துண்டும் காற்றழுத்தமும். படத்தில் தெரிகிற நெருப்புப் பந்து பெட்ரோல் மாதிரி எரிபொருளைத் தூக்கி எறிந்து பற்றவைப்பது. கேமராவுக்கு அழகாகத் தெரியும், மெதுவாக எரியும், நடிகருக்கும் ஆபத்து குறைவு. அதனால் ஸ்டண்ட் மாஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெடிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்லோமோஷனில் நடந்துவருவதை மட்டும் பெரியப்பா இன்றுவரை மன்னிக்கவில்லை.

கையெறி குண்டின் ஊசியைப் பல்லால் பிடுங்க முடியுமா?

பல் போகும். ஊசி தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக முனையை வளைத்தே வைத்திருப்பார்கள். நம் ராணுவம் நெடுநாள் வைத்திருந்த 36-ஆம் எண் குண்டில், ஊசியை எடுத்தபின்னும் லிவரைக் கையில் அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. லிவர் பறந்தபிறகுதான் நேரம் ஓட ஆரம்பிக்கும், சுமார் நான்கு வினாடி. எதிரி எறிந்ததை எடுத்துத் திருப்பி எறியும் காட்சியில் ஹீரோவுக்குப் பத்து வினாடி வசனம் இருக்கும்.

ஒருத்தர் நிறுத்தாமல் சுட்டுக்கொண்டே இருக்க முடியுமா? குண்டு தீராதா?

கணக்குப் போட்டுப் பாருங்க. ஏ.கே. 47 நிமிடத்துக்குச் சுமார் 600 ரவுண்டு வேகத்தில் சுடும். மேகசினில் 30 ரவுண்டு. விரலை எடுக்காமல் அழுத்தினால் மூன்றே வினாடி! அப்புறம் வெறும் இரும்பு. நம் ராணுவத்தில் நெடுங்காலம் இருந்த இன்சாஸ் ரைஃபிளில் மேகசின் 20 ரவுண்டுதான். அதில் முழு ஆட்டோமேட்டிக்கே கிடையாது. ஒவ்வொன்றாகச் சுடலாம், அல்லது மூன்று மூன்றாக. ஆக, இன்சாஸைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மழை பொழிகிற காட்சி எங்கே வந்தாலும் அது அந்தத் துப்பாக்கியைத் தெரியாத ஆள் எடுத்தது.

கேமில் வேறு ஒரு பித்தலாட்டம் உண்டு. 30-இல் 12 சுட்டுவிட்டு ரீலோடு பட்டனைத் தட்டினால், மிச்சம் 18-ம் பைக்குள் போய்த் தானாக வேறு மேகசினில் சேர்ந்துகொள்ளும். நிஜத்தில் அந்த 18 அதே மேகசினில்தான் கிடக்கும். சண்டை ஓய்ந்தபின் உட்கார்ந்து கையால் ஒவ்வொன்றாக மாற்றி நிரப்ப வேண்டும். அரைகுறை மேகசின் எந்தப் பையில் இருக்கிறது என்று இருட்டில் நினைவு வைத்திருப்பதே ஒரு வேலை.

சமாதான காலத்திலோ கணக்கு இன்னும் கடுமை. என்.சி.சி. முகாமில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் சுட்டு முடித்ததும் எல்லோரும் குனிந்து காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் வெறும் கூடு) பொறுக்குவோம். எத்தனை ரவுண்டு கொடுத்தார்களோ அத்தனை காலியும் திரும்ப எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் புல்லை விலக்கி விலக்கித் தேடல்தான், டீ கிடையாது. இப்படி ஒரு காட்சியை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. எடுத்தால் நன்றாக இருக்கும்.

குண்டு பட்டால் ஆள் பின்னால் பறந்து விழுவானா?

5.56 மி.மீ. தோட்டாவின் எடை சுமார் 4 கிராம். அது வினாடிக்கு 900 மீட்டரில் வந்து 70 கிலோ ஆள்மீது மொத்தமாக நின்றாலும், அவர் பின்னால் நகரும் வேகம் வினாடிக்கு 5 சென்டிமீட்டர்தான் வரும். பள்ளிக்கூட இயற்பியல்தான் இது. பறப்பது கயிற்றின் வேலை. நிஜத்தில் ஆட்கள் அப்படியே மடங்கி விழுகிறார்கள், அல்லது பட்டதே தெரியாமல் சில அடி ஓடுகிறார்கள்.

தோளில் பட்டால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையும் சினிமா கொடுத்தது. தோள்பட்டைக்குக் கீழே பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது, மூட்டும் நரம்புக் கற்றையும் இருக்கின்றன. தொடையில் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அதனால்தான் சிப்பாயிடம் டூர்னிக்கெட் இருக்கிறது. காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். பப்ஜியில் சில வினாடி மருந்துப் பெட்டியைத் திறந்துவிட்டு எழுந்து ஓடலாம், எனர்ஜி டிரிங்க் குடித்தால் உடம்பு தேறும், இடுப்பில் மாட்டிய வாணலி குண்டைத் தடுக்கும். அந்த வாணலியை நான் குறையாகச் சொல்லவில்லை. ‘நான் கேம்தான், என்னைச் சீரியஸாக எடுக்காதே’ என்று அந்தக் கேமே நேர்மையாகச் சொல்லும் இடம் அது.

உடுப்பில் என்னென்ன தப்பு வரும்? நான் திருப்பூர்க்காரன், துணியைத்தான் முதலில் பார்ப்பேன்.

சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். இப்போது தெரிகிற டிஜிட்டல் புள்ளி வடிவ உடுப்பு, 2022 ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பில்தான் முதன்முதலாக வெளியே வந்தது. நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்தது. பருத்தியும் பாலியெஸ்டரும் 70-க்கு 30. வடிவத்தின் உரிமையை ராணுவம் பதிவும் செய்துவிட்டது. அதைக் கண்டவர்கள் அடித்து விற்கக் கூடாது. ஆக, 1999 கார்கில் காட்சியில் இந்தத் துணி வந்தால் காலம் இருபது வருஷத்துக்கு மேல் பிசகிவிட்டது. 1971 காட்சி என்றால் வெறும் பச்சை, ஓ.ஜி. (ஆலிவ் கிரீன்) என்பார்கள்.

தோள்பட்டையை அடுத்துப் பாருங்க. லெப்டினன்டுக்கு இரண்டு நட்சத்திரம், கேப்டனுக்கு மூன்று. மேஜர் ஆனதும் நட்சத்திரம் போய் அசோகச் சின்னம் ஒன்று. லெப்டினன்ட் கர்னலுக்குச் சின்னமும் ஒரு நட்சத்திரமும், கர்னலுக்குச் சின்னமும் இரண்டும். சாதாரணக் கணக்கில் ஆறு வருஷம் முடிந்தால் மேஜர், பதின்மூன்று வருஷம் முடிந்தால் லெப்டினன்ட் கர்னல். 26 வயதுக் கர்னல் என்று ஒருவர் இருக்கவே முடியாது. அப்படியொருவர் நம் படங்களில் அடிக்கடி வருகிறார், கூடவே தாடியும். தரைப்படையில் சீக்கியர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாகத் தாடி கிடையாது. கடற்படையில் அனுமதி வாங்கி வைக்கலாம்.

சல்யூட்டும் மூன்று படைக்கும் ஒன்றல்ல. தரைப்படையில் உள்ளங்கை எதிரே இருப்பவருக்குத் தெரியும். கடற்படையில் உள்ளங்கை தரையைப் பார்க்கும். விமானப்படையில் 2006 முதல் கை 45 டிகிரிச் சாய்வில் இருக்கும். தலையில் தொப்பி இல்லாவிட்டால் சல்யூட்டே இல்லை, விறைப்பாக நின்றால் போதும். வெறுந்தலையோடு அழுதுகொண்டே சல்யூட் அடிக்கும் கிளைமாக்ஸ் வந்ததும் எங்கள் வீட்டில் பெரியப்பா எழுந்து போய்விடுவார்.

அப்புறம், புள்ளி உடுப்பு போட்ட எல்லோரும் ராணுவம் இல்லை. கோவை வெள்ளலூரில் இருக்கிற அதிவிரைவுப் படை சி.ஆர்.பி.எஃப்.-இன் பிரிவு, உள்துறையின் கீழ் வருவது. கதையில் ‘ஆர்மி வந்துடுச்சு’ என்று வசனம் வைத்துவிட்டு நீலப் புள்ளி உடுப்பு ஆட்களை இறக்காதீர்கள்.

தமிழ்ப் படத்தில் சிப்பாய்கள் எல்லோரும் தமிழ் பேசுகிறார்களே?

படம் நமக்கு, அதனால் பேசட்டும். நிஜத்தில் ஆணைகள் இந்தியில்: ‘சாவ்தான்’, ‘விஸ்ராம்’. என்.சி.சி. போன எல்லோருக்கும் இது பழக்கம். குன்னூர் வெலிங்டனில் மையம் கொண்டிருக்கும் மதராஸ் ரெஜிமென்டில் தென்னாட்டு ஆட்கள் அதிகம். அங்கே ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்பதுதான் போர் முழக்கம். நயிப் சுபேதார், சுபேதார் நிலையில் உள்ளவர்களை அதிகாரிகளே மரியாதையோடு ‘சாப்’ என்றுதான் அழைப்பார்கள். இருபது வருஷ அனுபவமுள்ள சுபேதாரை இளம் லெப்டினன்ட் ‘டேய்’ என்று கத்தும் காட்சியை எழுதினவர் ஒரு நாள்கூட கண்டோன்மென்ட் பக்கம் போகாதவர்.

விமானச் சண்டை எப்படி? சூலூர்க்காரங்களுக்கு இதில்தான் ஆர்வம்.

இருக்காதா பின்னே? விமானப்படைத் தளம் இருக்கிற ஊராச்சே. 2018-இல் தேஜஸ் விமானங்களோடு 45-ஆவது ஸ்குவாட்ரன் சூலூருக்கு வந்தது. சாரங் ஹெலிகாப்டர் குழுவின் இருப்பிடமும் அதுதான். 2024 ஆகஸ்டில் தரங் சக்தி பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்களெல்லாம் நம் தலைக்கு மேலே பறந்தன.

படத்தில் இரண்டு விமானங்கள் ஒன்றின் மூக்கில் ஒன்று உரசுகிற மாதிரி துரத்தும்; விமானி முகமூடியைக் கழற்றிவிட்டு எதிரியை முறைப்பார். இன்றைய ஏவுகணைகள் பல பத்துக் கிலோமீட்டர் தூரத்திலேயே ஏவப்படுகின்றன. எதிரி திரையில் ஒரு புள்ளி, முறைக்க முகம் ஏது? ஒன்பது ஜி (புவியீர்ப்பைப்போல் ஒன்பது மடங்கு) திருப்பத்தில் 70 கிலோ ஆள் 630 கிலோவாக உணர்வார். ரத்தம் தலையிலிருந்து இறங்கிவிடாமல் இருக்கக் காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்கி அடக்கி விட வேண்டும். அந்த நேரத்தில் வசனமா!

மலைமேல் நடக்கும் போர்க் காட்சிகளில் எது குறைகிறது?

மூச்சு.

ஊட்டி 2,240 மீட்டர். அங்கேயே மாடிப்படி ஏறினால் நமக்கு இரைக்கும். கார்கில் போர் நடந்த டைகர் ஹில் 5,000 மீட்டருக்கு மேல். காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதி அளவுதான். அதற்கு உடம்பைப் பழக்க 9,000 அடி, 12,000 அடி, 15,000 அடி என்று மூன்று கட்டமாக மொத்தம் இரண்டு வாரம் தங்கவைக்கிறார்கள். படத்தில் லீவில் ஊரில் இருந்த ஹீரோ தகவல் கேட்டு ஜீப்பில் ஏறுவார், அடுத்த ஷாட்டில் சிகரத்தில் ஓடிக்கொண்டே சுடுவார்.

1999 ஜூன் 13-இல் தோலோலிங், ஜூலை 4-இல் டைகர் ஹில் கைக்கு வந்தன. அந்த ஏற்றங்கள் பெரும்பாலும் ராத்திரியில். முதுகில் இருபது முப்பது கிலோ, செங்குத்துப் பாறை, கயிறு, கீழே சறுக்கல். படங்கள் துப்பாக்கிச் சண்டையை ஒரு மணி நேரம் காட்டிவிட்டு ஏற்றத்தை ஒரு பாட்டில் முடித்துவிடுகின்றன. இன்னொரு மறைப்பு பீரங்கி. கார்கிலில் நம் தரப்பிலிருந்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் குண்டுகளும் ராக்கெட்டுகளும் போயின. போஃபர்ஸ் பீரங்கிகள் கீழிருந்து சிகரத்தை அடித்துக்கொண்டே இருக்க, அதன் மறைவில்தான் காலாட்படை ஏறியது. ஒற்றை ஆளின் வீரத்தைக் காட்டும் கதைக்குப் பீரங்கிப் படை இடைஞ்சல் என்பதால் அதை வெட்டிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அப்போ உங்கள் கணக்கில் ‘நிஜம்’ என்றால் என்னதான்?

துப்பாக்கியின் திருகுவரை சரியாகச் செய்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளைத் தவறாகச் செய்கிறார்கள். என் குறை அது ஒன்றுதான்.

ஒரு நாள் தம்பி மகன் கேம் ஆடுவதைப் பெரியப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேமில் நல்ல வெயில், பாலைவனம், ஆள் ஓடிக்கொண்டே இருக்கிறான். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்: “இவன் எப்பத்தான் சாமி தண்ணி குடிப்பான்?” பையன், “அதெல்லாம் இதுல இல்லீங்க அப்பச்சி” என்றான். “ஒண்ணுக்கும் போகமாட்டானா?” என்றார். அத்தோடு அவருடைய விமர்சனம் முடிந்தது.

சிப்பாய் வாழ்க்கையின் பெரும்பகுதி காத்திருப்பது. காவல் மாற்றுவது, பள்ளம் தோண்டுவது, சாக்கில் மண் நிரப்புவது, ரைஃபிளைத் துடைப்பது, காலுறை காயவைப்பது, ரேஷன் எப்போது வரும் என்று பார்ப்பது. சண்டை வரும்போது எதிரி கண்ணுக்கே தெரியமாட்டான். எங்கிருந்தோ சத்தம் வரும், யார் எங்கே என்று பாதி நேரம் தெரியாது. தன் ஆளே தன் ஆளைச் சுட்டுவிடுகிற அபாயம் எப்போதும் உண்டு. கேமில் நம் ஆள் தலைக்குமேல் பச்சைப் பெயர் மிதக்கும். மூலையில் வரைபடம், அதில் எதிரி சிவப்புப் புள்ளி. இவை இரண்டையும் எடுத்துவிட்டாலே ஆடுகிறவனுக்குப் பாதி நிஜம் புரிந்துவிடும்.

எந்தக் கேம்தான் நிஜத்துக்குக் கிட்டே வருகிறது?

செக் நாட்டு போஹீமியா நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆர்மா 3 ஓரளவுக்கு. ஒரு குண்டு பட்டால் கதை முடிந்தது, தோட்டா தூரத்துக்கேற்பத் தாழும், சுமை கூடினால் மூச்சு வாங்கும், இலக்கு ஆடும். சண்டையில்லாமல் நடந்துகொண்டே இருப்பதும் நிறைய உண்டு, அதனாலேயே பலருக்குப் பிடிப்பதில்லை. ராணுவங்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தும் வி.பி.எஸ். என்ற மென்பொருளும் அதே குடும்பத்தில் வந்ததுதான்.

செத்துச் செத்து எழுவதை மட்டும் எந்தக் கேமாலும் விட முடியாது. அதில் நமக்கென்ன சிரமம்? கொங்கு நாட்டு அண்ணன்மார் சாமி கதையின் படுகளச் சடங்கில் வீரர்கள் மாண்டு விழுவதும், அவர்கள் தங்கை தங்காள் தண்ணீர் தெளித்து எழுப்புவதும், சனம் கண்ணீரோடு பார்ப்பதும் காலம் காலமாக நடக்கிறது. அங்கே எழுவதற்கு முன்னால் ஒப்பாரி இருக்கிறது. கேமில் மூன்று வினாடி கவுன்ட்டவுன்.

கேம் ஆடினால் சுடக் கற்றுக்கொள்ளலாமா? பையன் பட்டாளத்துக்குப் போவேன் என்கிறான்.

குழுவாகப் பேசி முடிவெடுக்கக் கொஞ்சம் பழகலாம். அமெரிக்க மரைன் படையினர் 1996-இலேயே டூம் கேமை மாற்றியமைத்து அதற்காகத்தான் பயன்படுத்தினார்கள். ஆள் சேர்க்க என்றே அமெரிக்க ராணுவம் ஒரு கேமை 2002 முதல் 2022 வரை நடத்தியது. ஆனால் சுடுவது வேறு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, ட்ரிகரை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக அழுத்துவது, துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தோளில் ஒட்டவைப்பது, இதெல்லாம் உடம்பு கற்க வேண்டியவை. பையனை என்.சி.சி.யில் சேருங்க. அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டமும் புல்-அப்பும் உண்டு. அதற்குக் கட்டைவிரல் உதவாது. ராத்திரி ஒன்றரை மணிவரை ஆடுகிறவன் காலையில் ஓட எழமாட்டான் என்பதுதான் பெற்றோர் கவலைப்பட வேண்டிய இடம்.

குடும்ப வாட்ஸப் குரூப்பில் போர் வீடியோ வருகிறது. கேமா நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில் இது உச்சத்துக்குப் போனது. விமானம் விழுவது, ஏவுகணை பாய்வது என்று சுற்றிய வீடியோக்களில் சில கேமில் எடுத்தவை, மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மைச் சரிபார்ப்புப் பிரிவே மறுப்பு வெளியிட்டது. உக்ரைன் போரிலும் இதே கதைதான். 2022 நவம்பரில் ஆர்மா 3 நிறுவனமே, எங்கள் கேம் காட்சியைச் செய்தி என்று பரப்புகிறார்கள், இப்படிக் கண்டுபிடியுங்கள் என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று.

அவர்கள் சொன்னதும் நான் பார்த்ததும் சேர்த்துச் சொல்கிறேன். வீடியோ மங்கலாக இருக்கும், மங்கலாக்கியே அனுப்புவார்கள். இரவு நேரம், ஆடும் கேமரா. மனிதர்கள் நடமாட்டம் இருக்காது. ஏனென்றால் கேமில் மனிதன் நடப்பதுதான் உடனே காட்டிக்கொடுக்கும். திரையின் ஓரத்தில் எண்களோ குறிகளோ வெட்டப்பட்ட தடம் தெரியலாம். புகை ஒரே மாதிரியாகச் சுருளும், காற்றுக்குச் சாயாது. சத்தம் இருந்தால் எனக்கு வேலை சுலபம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி வெடிப்பது தெரிந்த அதே நொடியில் சத்தமும் கேட்டால், ஒன்று அது கேம், இல்லாவிட்டால் சத்தத்தை யாரோ பிறகு சேர்த்திருக்கிறார்கள். ஆறு வினாடி இடைவெளி இருக்க வேண்டும்.

குரூப்பில் போட்டவர் பெரியவராக இருப்பார், எல்லோர் முன்னாலும் திருத்தினால் மனஸ்தாபம். தனியாக ஒரு போன் போட்டு, “மாமா, அது கேமுங்க” என்றால் அவரே எடுத்துவிடுவார்.

தீரன் சின்னமலை காலத்தை எடுக்க ஆசை. எதைக் கவனிக்கணும்?

இதற்குத் தனிப் பக்கமே போடலாம். சின்னமலை 1805 ஜூலை 31-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். அந்தக் காலத் துப்பாக்கி குழல் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டு, கம்பியால் கெட்டித்து, சக்கிமுக்கிக் கல் பொறியில் சுடுவது. பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று தடவை சுட்டால் பெரிது. நூறு மீட்டருக்கு அப்பால் குறி நிற்காது, அதனால்தான் வரிசையாக நின்று மொத்தமாகச் சுட்டார்கள். கரிமருந்து ஆனதால் இரண்டு சுற்று முடிந்ததும் களம் முழுக்க வெள்ளைப் புகை, எதிரே யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. மழையில் மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் தடி. ஓடாநிலை, அறச்சலூர் பக்கம் நடந்த மோதல்களை ஆடி மழையில் வைத்து எழுதிப் பாருங்க, திரைக்கதையே மாறிவிடும்.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் காக்கி மாட்டாதீர்கள், காக்கி வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். அப்போது சிவப்புக் கோட்டு. மைசூர்ப் படையோடு தொடர்புள்ள கதை என்பதால் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளையும் தாராளமாகக் கொண்டுவரலாம். 1790 செப்டம்பரில் சத்தியமங்கலம் பக்கம் திப்புவின் படையும் கர்னல் ஃபிளாய்டின் படையும் மோதிய களம் நம் பவானி ஆற்றோரம்தான். அதை ஏன் இதுவரை யாரும் எடுக்கவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

குறும்படத்துக்கு ராணுவ உடுப்பு, டம்மி துப்பாக்கி எல்லாம் அனுமதி இல்லாமல் பயன்படுத்தலாமா?

சிப்பாய் என்று பிறரை நம்பவைக்கும் எண்ணத்தோடு உடுப்புப் போடுவது பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவின்படி குற்றம். நடிப்புக்கு அந்த எண்ணம் இல்லைதான். ஆனால் உடுப்போடு டீ குடிக்கக் கடைவீதிக்குப் போய்விட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். படப்பிடிப்பு நடக்கும் ஊர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்க. டம்மி துப்பாக்கியோடு நாலு பேர் தோட்டத்துக்குள் ஓடினால் அக்கம்பக்கம் நூறுக்கு அடிப்பது இயல்பு. ராணுவத்தை மையமாக வைத்த படங்களுக்குத் தடையின்மைச் சான்று வாங்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சகம் 2020 ஜூலையில் தணிக்கை வாரியத்துக்கு எழுதியிருக்கிறது. தியேட்டருக்குப் போகிற எண்ணமிருந்தால் இதை மனதில் வையுங்க. சூலூர்ப் பக்கம் டிரோன் பறக்கவிடும் முன் அரசின் டிரோன் வரைபடத்தில் சிவப்பு மண்டலம் எதுவரை என்று பார்த்துவிடுங்க.

காசு ரொம்பக் கம்மி. ஒரே ஒரு விஷயத்தைத்தான் சரிசெய்ய முடியும் என்றால் எதைச் செய்ய?

எடையை. ஃபைபரிலோ ரப்பரிலோ செய்த டம்மி ஒரு கிலோகூட வராது. நடிகர் அதைக் குடை மாதிரி ஆட்டிக்கொண்டு ஓடுவது எவ்வளவு நல்ல கேமராவிலும் தெரிந்துவிடும். இன்சாஸ் காலியாகவே நாலு கிலோவுக்கு மேல். கோவை கணபதி பகுதியில் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் குழல் நீளத்துக்கு இரும்பு ராடு வெட்டி வாங்கி, டம்மிக்குள் இறக்கி, ஆடாமல் பிசின் ஊற்றிவிடுங்க. முதுகுப் பையில் பஞ்சைத் திணிக்காமல் மணல் மூட்டை வையுங்க. முதல் டேக்குக்கு முன்னால் நடிகரை அரை மணி நேரம் அந்தச் சுமையோடு மேட்டுக் காட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்க. தோள் தானாகத் தொங்கும், நடை மாறும், வசனம் பேசும்போது மூச்சு தானாக வாங்கும். மேக்கப் செலவும் மிச்சம்.